பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ்

பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் (பெப்ரவரி 8, 1807 - சனவரி 27, 1894) ஓர் ஆங்கிலேயச் சிற்பியும் இயற்கை வரலாற்று ஓவியரும் ஆவார். அழிந்துபோன தொல்விலங்குகளை அவற்றின் இயல்பான பருமனில் சிற்பங்களாக வடித்துப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்தவர்களில் இவரே முன்னோடி. தொன்மாக்கள் என்று தமிழில் வழங்கப்படும் டைனோசர்களின் உலகின் முதல் முழுவுருவச் சிற்பங்கள் இவரால் இலண்டனின் சைடன்ஹாம் பகுதியில் 1854ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டன. 1868ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஒரு டைனோசரின் எலும்புக்கூட்டை உலகில் முதன்முறையாக நிற்கும் நிலையில் பொருத்திக் காட்டியவரும் இவரே. நியூயார்க் நகரில் இவர் உருவாக்கிய மற்றொரு சிற்பத் தொகுதி 1871ஆம் ஆண்டில் திட்டமிட்டு உடைத்தழிக்கப்பட்டது.

பிறப்பும் கல்வியும்

ஹாக்கின்ஸ் இலண்டனில் பிறந்தார். இவருடைய தந்தை தாமஸ் ஹாக்கின்ஸ் ஓர் ஓவியர். இளமையில் வில்லியம் பெஹன்ஸ் என்னும் சிற்பியிடம் சிற்பக்கலை பயின்றார். ஏறத்தாழ இருபதாவது வயதிலிருந்து இயற்கை வரலாற்றிலும் நிலவியலிலும் நாட்டம் கொண்டார். சிற்பியின் கைத்திறனும் விலங்குகளின் உடலமைப்பைப் பற்றிய அறிவும் ஒருவரிடத்தில் சேர்ந்திருந்தமையே பிற்காலத்தில் இவருக்குக் கிடைத்த பெரும்பணிக்கு அடிப்படையாக அமைந்தது.

இவர் 1826இல் மேரி கிரீன் என்பவரை மணந்தார். பத்தாண்டுகளுக்குப் பின்னர், அம்மணம் சட்டப்படி முறிக்கப்படாத நிலையிலேயே, ஓவியரான பிரான்சிஸ் லூயிசா கீனன் என்பவரையும் மணந்துகொண்டார். இச்செய்தி நெடுங்காலம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

விலங்கியல் ஓவியங்கள்

சிற்பியாகப் புகழடைவதற்கு முன்னர் ஹாக்கின்ஸ் விலங்கியல் நூல்களுக்குக் கல்லச்சு ஓவியம் தீட்டுபவராக அறியப்பட்டார். இவருடைய தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று இந்தியாவோடு தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் படையில் பணியாற்றிய தாமஸ் ஹார்ட்விக் என்னும் தளபதி, இந்திய ஓவியர்களைக் கொண்டு இந்நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் ஆயிரக்கணக்கில் வரைவித்துச் சேர்த்திருந்தார். அவ்வோவியங்களில் தேர்ந்தெடுத்தவற்றை ஜான் எட்வர்ட் கிரே 1830ஆம் ஆண்டு தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அந்நூலுக்கான கல்லச்சுப் படங்களை உருவாக்கியவர் ஹாக்கின்ஸ். இந்தியாவுக்கு வராமலேயே, இந்திய ஓவியர்களின் கைவண்ணத்தைப் பார்த்து இந்திய உயிரினங்களை இவர் படமாக்கினார். தாம் நேரில் காணாத விலங்குக்குப் பிறர் தந்த சான்றைக் கொண்டு உருவம் கொடுக்கும் பயிற்சி இவருக்கு இவ்வாறு இளமையிலேயே கிடைத்தது.

பீகிள் கப்பற் பயணத்தில் சார்லஸ் டார்வின் திரட்டிய மீன்கள், ஊர்வன ஆகியவற்றைப் பற்றிய நூற்பகுதிகளுக்கும் இவர் படங்கள் வரைந்தார். அவை 1840களின் தொடக்கத்தில் வெளிவந்தன. பின்னர் 1842 முதல் 1847 வரை டெர்பிப் பிரபுவின் நோஸ்லி மாளிகையில் தங்கியிருந்து, அங்கிருந்த தனியார் விலங்குக் காட்சிச் சாலையின் உயிர்விலங்குகளைப் பார்த்து வரைந்தார். விலங்கு நடக்கும்போது தசை எவ்வாறு மடிகிறது, தோல் எங்கே தொங்குகிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பனவற்றை நேரில் கற்றுக்கொள்ள இவ்வாண்டுகள் உதவின. எலும்பை மட்டும் கண்டவர்களுக்கு இவ்வறிவு எளிதில் வாய்க்காது.

பளிங்கு மாளிகைச் சிற்பங்கள்

1851ஆம் ஆண்டில் இலண்டன் ஹைட் பூங்காவில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டப்பட்ட அதன் மண்டபம் பளிங்கு மாளிகை எனப்பட்டது. பொருட்காட்சி முடிந்தபின் அம்மண்டபம் பிரிக்கப்பட்டு, தெற்கு இலண்டனின் சைடன்ஹாமில் விரிவாக்கி மீண்டும் கட்டப்பட்டது. அதனைச் சுற்றியமைந்த பூங்காவில் பூமியின் பழைய உயிரினங்களைக் காட்டும் சிற்பங்களை நிறுவப் பளிங்கு மாளிகைக் கம்பனி முடிவு செய்து, 1852இல் அப்பணியை ஹாக்கின்சிடம் ஒப்படைத்தது. அறிவியல் ஆலோசகராக உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் விளங்கினார். டைனோசர் என்னும் பெயரை 1842இல் உருவாக்கியவர் இவரே.

அக்காலத்தில் டைனோசர் பிரிவில் மூன்று பேரினங்களே நன்கு அறியப்பட்டிருந்தன. அவை மெகலோசாரஸ், இகுவானோடன், ஹைலியோசாரஸ் என்பனவாகும். இவற்றுள் எதற்கும் முழு எலும்புக்கூடு கிடைத்திருக்கவில்லை. பற்கள், தாடைத் துண்டுகள், முள்ளெலும்புகள், சில கைகால் எலும்புகள் ஆகியவையே இருந்தன. அறிஞர்கள் கட்டுரையில் ஐயத்தை ஐயமாகவே எழுதிவிட்டு நகர இயலும். சிற்பிக்கு அவ்வசதி இல்லை. கால் எத்தனை தடிப்பு, வால் எத்தனை நீளம், தோல் எத்தகையது என்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு விடையை அவர் களிமண்ணில் வைத்தே தீரவேண்டும். ஹாக்கின்சின் பணியில் இருந்த அரிய சிக்கல் இதுவேயாகும்.

உருவாக்கிய முறை

ஹாக்கின்ஸ் முதலில் அருங்காட்சியகங்களில் இருந்த புதைபடிவங்களை அளந்தார். கிடைக்காத எலும்புகளின் அளவை, உயிரோடுள்ள விலங்குகளின் உடல் விகிதங்களோடு ஒப்பிட்டுக் கணித்தார். பின்னர்ச் சிறிய மாதிரியுருக்களைச் செய்து ஓவனின் கருத்தைப் பெற்றார். அதன்பின் சிறிய மாதிரியைப் பெருக்கி முழு அளவில் களிமண் உருவம் அமைத்தார். இகுவானோடனுக்கு மட்டும் ஏறத்தாழ 30 டன் களிமண் தேவைப்பட்டது. களிமண் உருவத்தின்மேல் வார்ப்பச்சு எடுத்து, அதிலிருந்து சிமெண்டால் இறுதி உருவம் செய்யப்பட்டது.

இகுவானோடன் நான்கு கால்களில் நிற்பதாக அமைக்கப்பட்டது. மரம், பாறை போன்ற முட்டு எதுவும் வயிற்றுக்குக் கீழே வைக்கப்படவில்லை. ஆகவே அதன் முழு எடையையும் கால்களே தாங்கவேண்டியிருந்தது. நான்கு தூண்களின்மேல் ஒரு வீடு கட்டுவதற்கு நிகரான வேலையாக ஹாக்கின்ஸ் இதனைக் கருதினார். இச்சிற்பத்துக்குச் செலவான பொருட்களை 1854 மே மாதத்தில் கலைகள் சங்கத்தில் ஆற்றிய உரையில் அவர் பட்டியலிட்டுள்ளார். 9 அடி நீளமும் 7 அங்குல விட்டமும் உள்ள 4 இரும்புத் தூண்கள், 600 செங்கற்கள், 650 அரைவட்ட வடிகால் ஓடுகள், 900 தட்டை ஓடுகள், 38 பீப்பாய் சிமெண்ட், 90 பீப்பாய் உடைகல் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. இரும்புப் பட்டைகளும் கம்பிகளும் இவற்றுக்குப் புறம்பானவை.

செங்கல்லை உள்ளீடாக அடுக்கி மேலே காரை பூசி உருவம் சமைக்கும் தமிழகச் சுதைச் சிற்ப முறையோடு இது ஓரளவு ஒப்பிடத்தக்கது. கோயில் கோபுரங்களின் சுதையுருவங்களும், சேலம், நாமக்கல் வட்டாரச் சிற்றூர்களில் வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் பெரிய முனியப்பன் சிலைகளும் இத்தகைய கட்டுமானங்களே. சுதைச் சிற்பிக்கு வழிவழி வந்த அளவும் இலக்கணமும் உண்டு. ஹாக்கின்சுக்கு அத்தகைய மரபு எதுவும் இருக்கவில்லை.

சிற்பங்கள் பூங்காவின் ஏரியிலும் அதிலுள்ள தீவுகளிலும் கால வரிசைப்படி நிறுத்தப்பட்டன. டைனோசர்களைத் தவிர, இக்தியோசாரஸ், பிளீசியோசாரஸ் ஆகிய கடல்வாழ் ஊர்வன, பறக்கும் ஊர்வன, லேபிரிந்தோடன் என்னும் இருவாழ்வி, தென்னமெரிக்காவின் மாபெரும் நிலத் தேவாங்கான மெகாதீரியம், பேருருவ அயர்லாந்து மான் முதலியனவும் இடம்பெற்றன. மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்ட உருவங்கள் அமைந்தன. அயர்லாந்து மானின் சிற்பங்களுக்கு முதலில் உண்மையான புதைபடிவக் கொம்புகளே பொருத்தப்பட்டிருந்தன.

இகுவானோடன் விருந்து

1853 டிசம்பர் 31 அன்று இரவு, இகுவானோடனின் வார்ப்பச்சினுள் மேசையிட்டு, அறிவியலாளர்களுக்கும் செய்தித்தாள் ஆசிரியர்களுக்கும் ஹாக்கின்ஸ் விருந்தளித்தார். ஏறத்தாழ இருபது பேர் கலந்துகொண்டனர். விலங்கின் தலைப்பகுதியில் ஓவன் அமர்ந்தார். பறக்கும் ஊர்வனவின் சிறகைப் போன்று வரையப்பட்ட அழைப்பிதழ்கள் அனுப்பப்பட்டிருந்தன. இவ்விருந்து செய்தித்தாள்களில் படத்துடன் வெளிவந்து, பூங்கா திறக்கப்படுவதற்கு முன்பே மக்களிடையே பெரும் ஆவலைத் தூண்டியது.

1854 சூன் 10 அன்று விக்டோரியா மகாராணி பளிங்கு மாளிகையைத் திறந்து வைத்தார். படிப்பறிவும் அருங்காட்சியகப் பழக்கமும் இல்லாத எளிய மக்களும் அழிந்துபோன விலங்குகளைக் கண்ணால் காண இச்சிற்பங்கள் வழிசெய்தன. பள்ளிகளுக்கென இவற்றின் சிறிய மாதிரியுருக்களும் விற்கப்பட்டன. ஆயினும் பணச் செலவு மிகுந்ததால் 1855இல் கம்பனி இவ்வேலையை நிறுத்திவிட்டது. ஹாக்கின்ஸ் திட்டமிட்டிருந்த மாமூத் யானை உள்ளிட்ட சில உருவங்கள் நிறைவேறவில்லை.

மனித உடலும் பரிணாமக் கொள்கையும்

1860இல் மனித எலும்புக்கூட்டையும் விலங்குகளின் எலும்புக்கூடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் நூலொன்றை ஹாக்கின்ஸ் வெளியிட்டார். 1863இல் தாமஸ் ஹக்ஸ்லி, இயற்கையில் மனிதனுக்குரிய இடத்தை ஆராயும் தமது நூலை வெளியிட்டபோது, அதன் முகப்புப் படத்துக்கான எலும்புக்கூடுகளை வரைந்தவரும் இவரே. கிப்பன், ஒராங்குட்டான், சிம்பன்சி, கொரில்லா, மனிதன் என ஐந்து எலும்புக்கூடுகள் வரிசையாக நிற்கும் அப்படம் மிகவும் புகழ்பெற்றது. குரங்கிலிருந்து மனிதன் வரை வரிசையாக நடந்துசெல்லும் உருவங்களைக் காட்டும் பிற்காலப் படங்களுக்கு இதுவே முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஆனால் ஹாக்கின்ஸ் டார்வினின் பரிணாமக் கொள்கையை ஏற்றுக்கொண்டவர் அல்லர். உயிரினங்கள் படைக்கப்பட்டவை என்ற கருத்தையே அவர் தமது சொற்பொழிவுகளில் வலியுறுத்தி வந்தார்.

அதே 1863ஆம் ஆண்டு மே 30 அன்று, இந்திய நிலவியல் மதிப்பாய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழங்கற்காலக் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். பிற்காலத்தில் இவர் சேலம் மாவட்டத்து ஏற்காட்டில் வாழ்ந்தார். மறைந்த விலங்குகளைப் போலவே மனிதரின் பழமையும் மண்ணுக்குள்ளிருந்து சான்றுகளோடு வெளிப்பட்டுக் கொண்டிருந்த காலம் அது.

பிலடெல்பியாவில் ஹாட்ரோசாரஸ்

1868ஆம் ஆண்டில் சொற்பொழிவுகள் நிகழ்த்த ஹாக்கின்ஸ் அமெரிக்கா சென்றார். நியூ செர்சி மாநிலத்தின் ஹாடன்பீல்டில் 1858இல் தோண்டியெடுக்கப்பட்ட ஹாட்ரோசாரஸ் என்னும் டைனோசரின் எலும்புகள் பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்தில் இருந்தன. அவற்றை ஆராய்ந்த ஜோசப் லெய்டி, அதன் முன்கால்கள் பின்கால்களைவிட மிகச் சிறியவை என்பதைக் கண்டறிந்திருந்தார். லெய்டியின் வழிகாட்டுதலில் ஹாக்கின்ஸ் அவ்வெலும்புகளை இரும்புச் சட்டத்தில் கோத்து, பின்கால்களில் நிமிர்ந்து நிற்கும் நிலையில் அமைத்தார். கிடைக்காத எலும்புகள் சாந்தால் செய்து சேர்க்கப்பட்டன. மண்டையோடு கிடைக்காததால் அதனை இகுவானா என்னும் ஓணான் வகையின் தலையை ஒட்டிச் சிற்பமாகவே வடித்தார்.

1868 நவம்பரில் காட்சிக்கு வந்த இதனைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. நான்கு கால்களில் நின்ற தமது சைடன்ஹாம் டைனோசர்களுக்கு மாறாக, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் இரு கால்களில் நிற்கும் டைனோசரை அவரே உருவாக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. புதிய சான்று கிடைத்தபோது பழைய உருவத்தை விட்டு விலக அவர் தயங்கவில்லை.

நியூயார்க்கில் நேர்ந்த அழிவு

நியூயார்க் நகரின் நடுவண் பூங்கா ஆணையத்தைச் சேர்ந்த ஆன்ட்ரூ கிரீன், 1868இல் ஹாக்கின்சை அணுகி, அமெரிக்கக் கண்டத்தில் வாழ்ந்து மறைந்த விலங்குகளின் சிற்பங்களை உருவாக்குமாறு கேட்டுக்கொண்டார். அவற்றை வைப்பதற்கெனப் பேலியோசோயிக் அருங்காட்சியகம் என்னும் பெரிய கட்டடம் பூங்காவின் மேற்கு எல்லையருகே திட்டமிடப்பட்டு, அடித்தளமும் போடப்பட்டது. பூங்காவிலிருந்த பட்டறையில் ஹாக்கின்ஸ் ஏறத்தாழ இரண்டாண்டுகள் உழைத்தார். ஹாட்ரோசாரஸ், லேலாப்ஸ் என்னும் ஊனுண்ணி டைனோசர் முதலிய பேருருவங்கள் அங்கு உருவாகி வந்தன.

1870இல் நகரின் நிர்வாகம் வில்லியம் டுவீட் என்னும் அரசியல்வாதியின் கூட்டத்தாரிடம் சென்றது. பூங்காவின் பழைய ஆணையம் கலைக்கப்பட்டுப் புதியவர்கள் பொறுப்பேற்றனர். அவ்வாண்டின் இறுதியில் அருங்காட்சியகத் திட்டம் கைவிடப்பட்டது. 1871 மே 3 அன்று வேலையாட்கள் பட்டறைக்குள் நுழைந்து, முடிந்தும் முடியாமலும் இருந்த சிற்பங்களையும் வார்ப்பச்சுகளையும் சம்மட்டிகளால் உடைத்து நொறுக்கினர். உடைந்த துண்டுகள் பூங்காவிலேயே புதைக்கப்பட்டன. ஹாக்கின்சின் இரண்டாண்டு உழைப்பு ஒரே நாளில் இல்லாமற் போயிற்று.

தமது ஊழலைக் குறைகூறியதற்காக டுவீட் பழிவாங்கினார் என்றும், சமயக் காரணங்களால் இவ்வழிவு நேர்ந்தது என்றும் நூறாண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டு வந்தது. 2023இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா கோல்ஸ், மைக்கேல் பென்டன் ஆகியோர் பழைய ஆவணங்களை மீண்டும் ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தனர். இடிப்புக்கு உத்தரவிட்டவர் பூங்கா நிர்வாகத்தின் பொருளாளரும் வழக்கறிஞருமான ஹென்றி ஹில்டன் என்றும், டுவீட்டுக்கோ சமயக் கருத்துக்கோ இதில் நேரடிப் பங்கில்லை என்றும் அவர்கள் நிறுவினர். அருங்காட்சியகத்துக்கு உரிய திமிங்கல எலும்புக்கூடு ஒன்றுக்கு வெள்ளைச் சாயம் பூசச் செய்தவர் ஹில்டன்.

பிரின்ஸ்டன் ஓவியங்கள்

நியூயார்க் நிகழ்வுக்குப் பின்னரும் ஹாக்கின்ஸ் தொல்லுலகைப் படைக்கும் பணியை விடவில்லை. 1875 முதல் 1877 வரை, பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமான நியூ செர்சிக் கல்லூரிக்காக, பூமியில் உயிர்வாழ்க்கை கடந்துவந்த காலங்களைக் காட்டும் ஓவியத் தொடரை வரைந்தார். இவற்றுள் பதினேழு ஓவியங்கள் அறியப்பட்டுள்ளன. தொல்லூழிக் கடல்கள் முதல் பனியூழிக் காலம் வரை இவை விரிகின்றன. ஆசியாவின் பனியூழி விலங்குகளைக் காட்டும் ஓவியமும், அயர்லாந்து மானுடன் பழங்கற்கால வேட்டைக்காரனைக் காட்டும் ஓவியமும் இத்தொடரில் உள்ளன. சைடன்ஹாமில் தனித்து நின்ற அதே மான், இருபதாண்டுகள் கழித்துத் தீட்டப்பட்ட ஓவியத்தில் மனிதனோடு சேர்ந்து காணப்படுகிறது. அழிந்த விலங்குகளின் காலத்தில் மனிதரும் வாழ்ந்தனர் என்பது இடைப்பட்ட ஆண்டுகளில் அறிஞர்களால் பரவலாக ஏற்கப்பட்டிருந்தது.

1870களின் இறுதியில் ஹாக்கின்ஸ் இங்கிலாந்து திரும்பினார். 1894 சனவரி 27 அன்று தமது 86ஆம் வயதில் காலமானார்.

பிழைகளும் அவற்றின் மதிப்பும்

சைடன்ஹாம் சிற்பங்களில் பல பிழைகள் உள்ளன. இகுவானோடனின் மூக்கின்மேல் காண்டாமிருகத்துக்கு உள்ளதுபோல் ஒரு கொம்பு வைக்கப்பட்டுள்ளது. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபின், அது கொம்பன்று, கைப் பெருவிரலின் கூர்முள் என்பது தெளிவாயிற்று. மெகலோசாரஸ் நான்கு கால்களில் நிற்கிறது. அது உண்மையில் இரு கால்களில் நடந்த விலங்காகும். லேபிரிந்தோடன் பெருந்தவளையைப் போலக் காட்சியளிக்கிறது.

இப்பிழைகளுக்காகச் சிற்பங்கள் பிற்காலத்தில் ஏளனம் செய்யப்பட்டன. ஆனால் கையிலிருந்த சான்றுகளைக் கொண்டு பார்த்தால், அவை 1854ஆம் ஆண்டின் அறிவியல் எட்டியிருந்த எல்லையைத் துல்லியமாகக் காட்டுகின்றன. மூக்குக் கொம்பு ஹாக்கின்சின் கற்பனை அன்று. இகுவானோடனை முதன்முதலில் விவரித்த கிடியன் மான்டெல் முன்வைத்த கருத்தே அது. மேலும், கடல்வாழ் ஊர்வன சிலவற்றின் உடலில் எலும்புகள் தெரியுமிடங்களைக் கொண்டு பார்க்கையில், அவர் புதைபடிவங்களை எவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றினார் என்பது விளங்கும். ஒரு காலத்தின் அறிவு சிமெண்டில் உறைந்து நிற்பதால், அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் முறையை மாணவர்கள் கண்கூடாகக் காண இச்சிற்பங்கள் உதவுகின்றன.

இந்தியாவில்

ஹாக்கின்ஸ் சைடன்ஹாமில் பணியாற்றிய காலத்திலேயே இந்தியாவிலும் தொல்விலங்குகளின் எலும்புகள் கிடைத்திருந்தன. சபல்பூரில் 1828இல் வில்லியம் சிலீமன் கண்டெடுத்த எலும்புகள், 1877இல் ரிச்சர்ட் லிடெக்கரால் டைட்டனோசாரஸ் எனப் பெயரிடப்பட்டன. சிவாலிக் மலைகளில் கிடைத்த சிவதீரியம் என்னும் ஒட்டகச்சிவிங்கி இன விலங்கை ஹியூ பால்கனரும் புரோபி காட்லியும் 1836இல் விவரித்தனர். இமாச்சலப் பிரதேசத்தின் சாகேதியில் 1974இல் அமைக்கப்பட்ட சிவாலிக் புதைபடிவப் பூங்காவில், அப்பகுதியில் வாழ்ந்து மறைந்த விலங்குகள் இயல்பான பருமனில் கண்ணாடியிழை உருவங்களாக நிறுத்தப்பட்டுள்ளன. எலும்புகள் கிடைத்த நிலத்திலேயே, திறந்தவெளியில், பொதுமக்களுக்காக உருவங்களை நிறுத்தும் இம்முறை ஹாக்கின்ஸ் தொடங்கிவைத்த வழியின் தொடர்ச்சி எனலாம்.

பாதுகாப்பு

1936 நவம்பர் 30 அன்று பளிங்கு மாளிகை தீக்கிரையானது. பூங்காவின் தாழ்வான பகுதியில் இருந்ததால் சிற்பங்கள் தப்பின. 1973இல் இவை பாதுகாக்கப்பட்ட கட்டுமானங்களாக அறிவிக்கப்பட்டு, 2007இல் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டன. 2020இல் அழியும் நிலையிலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2021இல் மெகலோசாரசின் முகவாய்ப் பகுதி உடைந்து விழுந்தது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் காணாமற்போன பேலியோதீரியம் சிற்பம் ஒன்றுக்கு மாற்றாகப் புதிய உருவம் 2023இல் நிறுவப்பட்டது.

ஹாக்கின்ஸ் நியூயார்க்கில் வடித்த உருவங்கள் மீளவில்லை. பிலடெல்பியாவில் அவர் நிறுத்திய எலும்புக்கூடும் பின்னாளில் பிரிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் சிதறிய எலும்புகளைக் கோத்து விலங்கை நிற்கவைத்துக் காட்டும் அவருடைய முறை, இன்று உலகெங்குமுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் வழக்கமாகியுள்ளது.